வெளியே போகும் பந்தைப் பிடித்தவள்

என் மாமனார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடந்தால் டைல்ஸ் தரையில் கிறீச்சென்று ஒரு சத்தம் எழும். கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். அதன் கால்களில் டென்னிஸ் பந்தை மாட்டிவிட்டால் சத்தம் வராது என்று பிசியோதெரபி செய்ய வருகிற பெண் சொல்லிவிட்டுப் போனாள். இன்று காலை பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மூடியைக் கிழித்தேன். உஸ்ஸென்று காற்று வெளியேறியது, கூடவே அந்த வாசனையும். வாக்கருக்கு நாலு கால், டப்பாவில் மூன்று பந்து. உங்கள் ஆட்டத்தில் எந்தக் கணக்குத்தான் நேராக இருந்திருக்கிறது? இன்னொரு டப்பாவையும் கிழித்து, அரிவாள்மணையில் உட்கார்ந்து, புதுப் பந்துகளை வாழைக்காய் மாதிரி ஒவ்வொன்றாகக் கீறினேன்.

நீ இருந்திருந்தால் என் கையைப் பிடித்துத் தடுத்திருப்பாய். புதுப் பந்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்காமல் நீ ஒரு நாளும் பயிற்சியை ஆரம்பித்ததில்லை. காபித்தூள் வாங்க வந்தவள் மாதிரி நிக்கிறியேடி என்று நான் கேலி செய்வேன். நீ அதற்கும் அசராமல் இரண்டாவது பந்தை எடுத்து மோந்து பார்ப்பாய்.

பந்தை அறுத்துவிட்டேன் என்றதுமே உனக்கு விஷயம் புரிந்திருக்கும். தர்ஷினி ஆட்டத்தை விட்டுவிட்டாள். சென்னை அகாடமிக்கும் போகவில்லை. ஏழு வருஷம் நீ பாடுபட்டு வளர்த்த என் பெண்ணைப் பற்றிய சேதி, அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீ அவளைக் கண்டுபிடித்தது மாங்கனித் திருவிழாவில். உன் வீட்டுக்காரருக்கு இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்து, கம்பெனி குவார்ட்டர்ஸில் நீங்கள் குடியேறிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நீ. பன்னிரண்டு வயதில் டென்னிஸ், டென்னிஸ் என்று சென்னை ஹாஸ்டலுக்குப் போனாய். பத்தொன்பதில் முட்டி போய், ராக்கெட்டைப் பரணில் போட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாய். இத்தனை வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பியவள் என்னைப் பார்க்கத்தான் அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் வந்து நின்றாய். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

பிச்சாண்டவர் சப்பரம் வீதியில் வந்துகொண்டிருந்தது. மாடிகளில் நின்றவர்கள் வேண்டுதலுக்காகக் கூடை கூடையாக மாம்பழம் வீசினார்கள். தெரு முழுக்க ஏந்திய கைகள். தர்ஷினிக்கு அப்போது எட்டு வயது. அவள் பாவாடை மடியில் பழம் நிறைந்துகொண்டே போனதை நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் தோளை அழுத்தினாய்.

"பழத்தப் பாக்காதடி. அவ காலப் பாரு. மேல நிக்கிறவங்க கைய ஓங்கும்போதே கெளம்பிடுறா. பழம் இன்னும் கைய விட்டே வரல, இவ போய் நின்னுட்டா."

பிறகுதான் நானும் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் பழத்தின் பின்னால் ஓடினார்கள். இவள் ஓடவே இல்லை. பழம் வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே நின்றுகொண்டிருந்தாள். இதை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது, நான் அத்தனை வருஷம் தலைகீழாக நின்றும் எனக்கு வரவில்லை என்று நீ சொன்னாய். அவளை உன்னிடம் விடச் சொல்லிக் கேட்டாய்.

அவளுக்குப் பிடிக்குமா என்று நான் கேட்டேன். கேட்டேன்டி, அந்த ஒரு தடவை கேட்டேன். நீ சிரித்துவிட்டுச் சொன்ன பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "புடிக்குதான்னு கேக்காத. வருதான்னு மட்டும் பாரு. நல்லா வந்துட்டா தானா புடிக்கும்." ஆட்டம் தெரிந்தவள் சொல்கிறாள், எனக்கென்ன தெரியும் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அந்தக் கேள்வி நமக்குள் எழவே இல்லை.

குவார்ட்டர்ஸ் கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனால் கடைசியில் அந்தச் சிமென்ட் கோர்ட். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கம்பி வலை. வலைக்கு வெளியே நாம் உட்காருகிற பெஞ்ச். உள்ளே காலை வைத்தால் அவளுக்கு நீ மிஸ், வெளியே வந்ததும் அத்தை. அதில் அவள் ஒரு நாளும் தடுமாறியதில்லை.

ஆனால் ஆட்டத்தில் ஒரு தடுமாற்றம் இருந்தது. வேறு ஊர்ப் பிள்ளை எதுவும் செய்யாத தப்பு அது. எதிராளி அடித்த பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். விட்டால் போதும், பாயிண்ட் இவளுக்கு. இவளோ எட்டி இடது கையால் பிடித்துவிடுவாள். தரையில் விழுவதற்கு முன்னால் பந்தைத் தொட்டால் பாயிண்ட் எதிராளிக்குப் போய்விடும் என்று நீ தலையில் அடித்துக்கொள்வாய். "கைக்கு வருதே மிஸ்" என்பாள் அவள். மாம்பழம் பிடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கடைசியில் நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். வெளியே போகிற பந்தைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு 'போ' என்று சொல்ல வேண்டும். வாய் சொன்னால் கை அடங்கும் என்றாய். ஒரு மழைக்காலம் முழுக்க அந்தக் கோர்ட்டில் போ, போ என்ற சத்தம்தான். வாட்ச்மேன் தன்னைத்தான் விரட்டுகிறாள் என்று ஒரு நாள் எழுந்து போய்விட்டார். அப்படித்தான் அந்தப் பழக்கம் விட்டது.

அந்தப் பழக்கத்தோடு வேறு பலவும் விட்டுப்போயின. அடுத்த வருஷ மாங்கனிக்கு அவளை அனுப்பாதே, விரல் பிசகிவிடும் என்றாய். அனுப்பவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலா, பொங்கல் கோலப்போட்டி, தர்கா கந்தூரியில் ராட்டினம், எதற்கும் அவள் போனதில்லை. வெயில் ஏறினால் சிமென்ட் கொதிக்கும் என்பதால் விடியுமுன் ஒரு பயிற்சி. பள்ளிக்கூடம் விட்டதும் இன்னொன்று. காரைக்காலில் அவளுக்கு ஈடுகொடுத்து ஆட வேறு பெண்ணில்லை. பெயர் கொடுத்து ஆடுவதோ பாண்டிக்காக. நம் மாநிலத்துக்குப் போக அடுத்த மாநிலத்தைத் தாண்ட வேண்டிய ஊரில் பிறந்துவிட்டோம். இருட்டோடு பஸ் ஏறினால் அவள் உன் மடியில் தலையும் என் மடியில் காலுமாகத் தூங்கிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் கம்பி வலையில் நெற்றியை முட்டிக்கொண்டு வந்து நின்றாள். இன்று மாமா வீட்டில் குட்டிக்குக் காது குத்துகிறார்களே, போகலாமா என்று மெதுவாகக் கேட்டாள். நீ உள்ளிருந்து, இன்னும் ஒரு கூடை நிறையப் பந்து பாக்கி என்றாய். மிஸ் சொல்றாங்கல்ல, போ என்றேன் நான். அவள் திரும்பிப் போய்விட்டாள். நெற்றியில் வலையின் கட்டம் பதிந்திருந்தது. எதிர்த்துப் பேசத் தெரியாத தங்கமான பிள்ளை என்று ஊரே அவளை மெச்சியது. நாமும்தான்.

எனக்கு டென்னிஸ் ஒரு நாளும் பிடித்ததில்லை. பதினைந்து, முப்பது என்று எண்ணியவர்கள் நாற்பத்தைந்து என்று சொல்லாமல் ஏன் நாற்பது என்று நிறுத்தினார்கள் என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். எனக்குப் பிடித்தது அந்தப் பெஞ்ச். ஆபீஸில் ஃபைல், வீட்டில் மாமனார் மாமியார், அறுப்புக் காலத்தில் ஆட்களுக்குச் சோறு என்று ஓடுகிறவளுக்கு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, என்னாடி மூஞ்சி தொங்குது என்று கேட்கிற இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். நீ கோர்ட்டுக்குள் போவதும் மூச்சு வாங்க வந்து உட்காருவதுமாக இருப்பாய். நடுநடுவே நாம் பள்ளிக்கூடப் பெஞ்சில் விட்ட இடத்திலிருந்து பேசிக்கொண்டிருப்போம்.

பிறகு உனக்கு அந்தப் பாழாய்ப்போன கட்டி வந்தது. பாண்டி ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த மூன்றாம் நாளே தொப்பியை மாட்டிக்கொண்டு கோர்ட்டில் நின்றாய். முடி போன தலைக்கு வெயில் ஆகாது என்று நான் குடை பிடித்தால் நிழல் பந்தை மறைக்கிறது என்று விரட்டினாய். உன்னால் ஓட முடியவில்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவள் அடிக்கப் பந்தை எறிந்து கொடுத்தாய். அவள் அந்த மாதங்களில் ஆடியது போல் எப்போதும் ஆடியதில்லை.

அந்தப் புரட்டாசியில் பாண்டியில் நடந்த இறுதியாட்டத்துக்கு நீ வராதே என்று நானும் உன் வீட்டுக்காரரும் எவ்வளவோ சொன்னோம். சென்னை அகாடமியின் கோச் பார்க்க வருகிறார், நான் இல்லாமலா என்று கிளம்பிவிட்டாய். மூன்றாவது செட். தர்ஷினி முன்னால் இருந்தாள். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை அவளுடையது. எதிரே ஆடிய பெண் பதற்றத்தில் ஓங்கி அடித்தாள். பந்து எங்கேயோ உயரப் போனது. எனக்கே தெரிந்தது அது வெளியே விழும் என்று. நான் கை தட்டக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

தர்ஷினி பின்பக்கமாக நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். பந்து இறங்கும் இடத்தில் போய் நின்று இடது கையை நீட்டிப் பிடித்தாள். 'போ' என்று அவள் சொல்லவில்லை. பிடித்த பந்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பாயிண்ட் போயிற்று, பின்னாலேயே ஆட்டமும் போயிற்று.

மாங்கா புத்தி எங்க போவும் என்று நீ சத்தமாகச் சிரித்தாய். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பையிலேயே இருந்த தண்ணீர் பாட்டிலைப் பையைக் கவிழ்த்துத் தேடினாய். திரும்பும் பஸ்ஸில் குமட்டலாக இருக்கிறது, ஜன்னலோரம் வேண்டும் என்று முன் சீட்டில் அவளோடு உட்கார்ந்துகொண்டு என்னைப் பின்னால் அனுப்பினாய். கடலூர் தாண்டும்வரை உங்கள் இரண்டு தலைகளையும் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். தோற்ற பிள்ளைக்குத் தைரியம் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அந்தக் கோச்சுக்கோ தோல்வி ஒரு பொருட்டாகவே இல்லை. கோப்பை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், இந்தக் காலும் கண்ணும் லட்சத்தில் ஒருத்திக்குத்தான் அமையும், அகாடமியில் தங்கிப் படிக்கட்டும், பெரிய ஆட்டக்காரியாக்குவது என் பொறுப்பு என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் போனார். தோற்றும் அவளால் தப்பிக்க முடியவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மாசியில், உங்கள் தவக்காலத்தில் நீ போனாய். அதற்கு இரண்டு நாள் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளச் சென்னைக்கு அனுப்பிடுடி, எனக்கு வேற ஆசை இல்ல" என்றாய். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்கப்புறம் உன் ஆசைதான் எனக்கு அலாரம். விடியற்காலையில் அவள் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டி, அத்தைய நெனச்சுக்க என்பேன். உடனே எழுந்துவிடுவாள். தனியாகக் கோர்ட்டில் நின்று கூடை கூடையாக சர்வீஸ் போடுவாள். நான் அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். உன் பக்கத்தில் அவள் பை இருக்கும். கடைத்தெருவில் அவளுக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மார்கழிக்குள் வந்து சேரச் சொல்லி அகாடமியிலிருந்து போன் வந்தது.

ஐப்பசியில் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் சாமந்தியும் வாங்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தோம். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகத் தங்கள் ஆட்களின் கல்லறையைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். உன் வீட்டுக்காரர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க ஃபாதரைக் கூட்டிவரப் போனார். தர்ஷினி குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் உன் மெழுகுவர்த்திக்குப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அம்மா, நான் அத்தைக்குச் சொன்னது முடிஞ்சிடுச்சி. இன்னும் எத்தினி நாளு ஆடணும்?"

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"அன்னிக்கிப் பாண்டியில பந்த வேணும்னுதான் புடிச்சேன். அத்தை பஸ்ஸுல கேட்டாங்க, ஆமான்னேன். ஆடவே புடிக்கலியான்னு கேட்டாங்க, புடிக்கலன்னேன். அழுதாங்கம்மா. நான் இருக்கற மட்டும் ஆடு, அம்மாகிட்ட நான் சொல்லிடறேன்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சொல்லிட்டாங்கன்னுதான் நெனச்சேன். உனக்குத் தெரியும், தெரிஞ்சும் என்னய எழுப்பி விடறேன்னு நெனச்சேன்" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையை நீ கேட்டாயா? அவள் உன் தலைமாட்டில்தான் குந்தியிருந்தாள். எட்டு மாசம்டி. எட்டு மாசம் என் பிள்ளை, எல்லாம் தெரிந்தேதான் அம்மா காலைப் பிடித்து ஆட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கிறாள். நீ சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டாயா, என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய். உனக்கு நேரம் இல்லாமலா போயிற்று? ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் தொப்பிக்குப் புது எலாஸ்டிக் வைப்பதைப் பற்றி ஒரு மத்தியானம் பூராவும் பேசினோமே. செத்துப்போனவளோடு சண்டை போட முடியாது என்பது எவ்வளவு பெரிய அநியாயம். திட்டினால் நீ வாயைத் திறக்க மாட்டாய், நான் மட்டும் கேவலமாக அழுதுகொண்டு நிற்பேன். அன்று நின்றேன். ஃபாதர் வந்து உனக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்து என் தலையிலும் தீர்த்தம் தெளித்தார்.

மறுநாள் கோச்சுக்குப் போன் போட்டேன். அவர் எடுத்ததும், சார், வீட்டுச் சூழ்நிலை சரியில்லை, அவளை அனுப்ப முடியாது என்று ஆரம்பித்தேன். அவளைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பு எனக்கு. தர்ஷினி உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் பார்த்ததில்லை. வாயைத் திறக்காத பிள்ளையின் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

"சார், வீட்டுல எந்தப் பிரச்சினையும் இல்ல. எங்கம்மா நிறுத்தல. நான்தான் வரல."

அந்தப் பக்கம் அவர் இவ்வளவு திறமை இருக்கிறதே, வீணாக்கலாமா என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"இருக்குதான் சார். அதுக்கு நான் என்னா பண்றது?"

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். பழைய சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து நின்றுகொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் தடவை போட்டுக்கொண்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போய் நின்றேன். மாவடு இருக்கா என்று கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது விடிந்து வெகுநேரம் கழித்து எழுகிறாள். தோழிகளோடு கடற்கரைக்குப் போகிறாள், வெட்டியாகச் சுற்றுகிறாள், இடுப்பில் கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறது. ஃபிளெக்ஸ் மழையில் கிழிந்துவிட்டது. பெரிய இடத்துக்குப் போக வேண்டிய பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று என்னைப் பற்றி ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும்.

மாட்டிக்கொண்டவள் நான்தான். அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். எனக்கு வழி தெரியவில்லை. இருட்டிலேயே விழிப்பு வந்துவிடுகிறது. ஆபீஸ் விட்டதும் என் ஸ்கூட்டி வீடு இருக்கிற வரிச்சிக்குடிப் பக்கம் திரும்பாமல் குவார்ட்டர்ஸ் ரோட்டில் போய் நிற்கிறது. உன் வீட்டுக்காரருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. என்னை உள்ளே விடச் சொல்ல அங்கே இப்போது ஆளில்லை. கேட்டுக்கு வெளியே இஞ்சினை அணைத்துவிட்டு உன்னோடு சண்டை போடுகிறேன். ஏன்டி சொல்லவில்லை என்று கேட்பேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே பெஞ்ச் முடிந்திருக்கும், நாம் உட்கார்ந்து பேச வேறு இடம் கிடைத்திருக்காது, அதனால்தானா என்றும் கேட்பேன். அதைக் கேட்டுவிட்டால் கோபம் அடங்கிவிடும். எவ்வளவு கோபித்தாலும் எனக்கு நீ வேண்டும். இதுதான் எனக்கு மிஞ்சியிருக்கிறது.

நேற்றும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே யாரோ ஆடுகிற சத்தம் கேட்டது. போன் அடித்தது. எங்கே இருக்கிறாய் என்று தர்ஷினி கேட்டாள். பால் வாங்க நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"குவார்ட்டர்ஸ்கிட்டயா?" என்றாள்.

ஆமாம் என்றேன். வீட்டுக்கு வா என்று திட்டுவாள் என எதிர்பார்த்தேன். அந்தப் பக்கம் மாமனாரை யாரோ கூப்பிடுவது கேட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கணுமா, வந்துடுறியா?" என்று கேட்டாள். "எதுன்னாலும் சரிம்மா. சோறு நான் வச்சிடறேன்."